இங்கிலாந்தில் வீடு வாங்கப்போறீங்களா? சென்னை ஃப்ளாட்டைப் பற்றி சொலிசிட்டரிடம் முதலில் சொல்லுங்க!

லண்டனில் வேலை பார்க்கும் ஒரு சென்னை ஐ.டி. தம்பதி. வருஷக்கணக்கில் வாடகை கட்டி அலுத்துப்போய், 4 லட்சம் பவுண்டுக்கு ஒரு வீட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை பேசி முடித்ததும் எஸ்டேட் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி: ‘உங்க சொலிசிட்டர் யாரு?’

‘இன்னும் பார்க்கலையே’ என்றால், உடனே ஒரு பெயரை நீட்டுவார். ‘பத்திரம் பார்க்கத்தானே, யாரா இருந்தா என்ன?’ என்று தலையாட்டிவிடுவோம். ஆனால், அந்த ஒரு முடிவு பல ஆயிரம் பவுண்டு வித்தியாசத்தைக் கொண்டுவரலாம்.

சொலிசிட்டர் என்னதான் செய்வார்?

நம்ம ஊரில் வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வீடு வாங்குவோம். இங்கிலாந்தில் வாங்குபவர் எந்த அலுவலகத்துக்கும் போய் நிற்க வேண்டியதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளாட்சி மன்றம், கழிவுநீர், வெள்ள அபாயம் பற்றிய ‘சர்ச்’ அறிக்கைகளை வாங்குவது, விற்பவர் தரப்பிடம் கேள்வி கேட்பது, பணத்தைக் கைமாற்றுவது, வரி கட்டுவது, லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவது என்று எல்லாமே சொலிசிட்டர் வேலை. இதற்குப் பெயர் கன்வேயன்சிங். இந்த வேலைக்கென்றே உரிமம் பெற்ற ‘லைசன்ஸ்டு கன்வேயன்சர்’களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் தாராளமாகப் போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது: ‘உங்க விலைக்கு ஓகே’ என்று விற்பவர் சொன்னாலும் அது ஒப்பந்தம் இல்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் ‘எக்ஸ்சேஞ்ச்’ நாளில்தான் அது சட்டப்படி கட்டுப்படுத்தும். அதுவரை வேறு யாராவது கூடுதல் விலை கொடுத்தால், விற்பவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். அதனால், மெயிலுக்குப் பதில் போட இரண்டு வாரம் எடுக்கும் சொலிசிட்டரை வைத்துக்கொண்டால் வீடே கைநழுவலாம். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினாலோ, வழக்கமாகக் கட்டும் 10% டெபாசிட் போய்விடும்.

சென்னை ஃப்ளாட் எங்கே வருகிறது?

நம்மில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை உண்டு. ஆனால், ‘முதல் வீடு’ என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு என்று அர்த்தமில்லை. உலகத்தில் எங்கேயும் வீடு வாங்கியிருக்கக் கூடாது. அப்பா உங்கள் பெயரையும் சேர்த்து வாங்கிய வேளச்சேரி ஃப்ளாட்டும் கணக்கில் வரும்.

அந்த ஃப்ளாட் இன்னும் உங்களிடம் இருந்தால், சலுகை போவதோடு, ‘கூடுதல் வீடு’ என்று 5% மேல்வரியும் சேரலாம். உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் இந்த மேல்வரியில் அது கணக்கில் வராது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் பெயரில் வீடு இருந்தாலும் மேல்வரி இருவரையும் பாதிக்கும்.

2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விகிதப்படி, 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கான கணக்கு இது:

• இருவருக்கும் உலகில் எங்கும் இதுவே முதல் வீடு என்றால்: 5,000 பவுண்டு
• முன்பு வீடு இருந்தது, இப்போது இல்லை என்றால்: 10,000 பவுண்டு
• ஊரில் இன்னொரு வீடு இருக்கிறது, மேல்வரியும் உண்டு என்றால்: 30,000 பவுண்டு

முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 25,000 பவுண்டு! வரிப் படிவத்தைச் சொலிசிட்டர்தான் தாக்கல் செய்வார். ஆனால், அதில் இருப்பதற்குப் பொறுப்பு நீங்கள். ‘அவர் கேட்கலை, நான் சொல்லலை’ என்பது எடுபடாது. பல நிறுவனங்கள் ‘வரி ஆலோசனை எங்கள் வேலை இல்லை’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. ஆகவே, வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்களின் கேஸ்களைப் பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்பா அனுப்பும் பணம்?

டெபாசிட்டுக்கு ஊரிலிருந்து பணம் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் துருவித் துருவிக் கேட்பார். கோபப்பட வேண்டாம். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அது அவர் கடமை. அப்பாவின் அடையாள ஆவணம், பேங்க் ஸ்டேட்மென்ட், ‘இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை’ என்ற கடிதம் எல்லாம் தேவைப்படும். நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரமும், தமிழில் இருந்தால் அதன் மொழிபெயர்ப்பும் கேட்கப்படலாம். இந்தியப் பணம் என்றாலே தயங்கும் அலுவலகங்களும் உண்டு. பாதி வழியில் தெரியவந்தால் சிக்கல். ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

போனில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்குக் கடன் தரும் பேங்கின் ‘பேனலில்’ இருக்கிறீர்களா? இல்லையென்றால் பேங்க் தனியாக ஒரு சொலிசிட்டரை வைக்கும். செலவும் நாளும் கூடும்.

2. மொத்தம் எவ்வளவு ஆகும்? விளம்பரத்தில் தெரிவது பெரும்பாலும் கட்டணம் மட்டும். அதன்மேல் 20% வாட், சர்ச் செலவு, பதிவுக் கட்டணம், பணம் அனுப்பும் கட்டணம் எல்லாம் உண்டு. லீஸ்ஹோல்டு ஃப்ளாட் என்றால் பொதுவாகக் கூடுதல் கட்டணம். எழுத்தில் வாங்குங்கள்.

3. என் ஃபைலை யார் பார்ப்பார்? அவர் லீவில் போனால் யார்?

4. என்னை அனுப்பிவைத்ததற்கு ஏஜென்டுக்குக் கமிஷன் தருகிறீர்களா? கமிஷன் இருந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும். ஏஜென்ட் விற்பவரின் ஆள். அவர் சொல்லும் நபரைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

5. டீல் முறிந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

எதற்கும், அவர் உரிமம் பெற்றவர்தானா என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். சொலிசிட்டர் என்றால் எஸ்.ஆர்.ஏ., லைசன்ஸ்டு கன்வேயன்சர் என்றால் சி.எல்.சி.

ரீமார்ட்கேஜ் என்றால்?

அதே பேங்கில் வட்டித் திட்டத்தை மட்டும் மாற்றினால் பொதுவாக சொலிசிட்டர் தேவையில்லை. வேறு பேங்குக்கு மாறினால் தேவை. அப்போது பல பேங்குகள் ‘சட்டச் செலவு இலவசம்’ என்று ஒருவரைத் தரும். சாதாரண மாற்றம் என்றால் அது போதும். ஆனால், அவர் முக்கியமாகப் பார்ப்பது பேங்கின் நலனை. மனைவி பெயரைச் சேர்ப்பது மாதிரி வேலை இருந்தால், உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பணம் அனுப்பும் நேரத்தில் ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது’ என்று சொலிசிட்டர் பெயரில் மெயில் வந்தால், நம்பவே நம்பாதீர்கள். மெயிலை ஹேக் செய்து டெபாசிட்டை அப்படியே சுருட்டும் மோசடி இது. முதல் நாள் வாங்கிவைத்த போன் நம்பரில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

வீடு பார்க்கக் கிளம்பும் அன்றே சொலிசிட்டரையும் தேட ஆரம்பித்துவிடுங்கள். முதல் போனில், ஊரில் இருக்கும் வீட்டையும் அப்பா தரும் பணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதிலேயே, அவர் உங்களுக்குச் சரிப்படுவாரா என்று தெரிந்துவிடும்.