பாம்பனைத் தாண்ட முடியாத 74 பீரங்கிக் கப்பல்

அக்காள்மடத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மேப்பைப் பார்த்தால் சென்னையிலிருந்து மும்பைக்கு இதுதான் குறுக்கு வழி. பிறகு ஏன் 18ஆம் நூற்றாண்டின் பெரிய போர்க்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே போயின? விடை கப்பலின் டிசைனிலேயே இருக்கு.

அப்போது பிரிட்டனும் பிரான்சும் பெரிதும் நம்பியது 74 பீரங்கி ரகத்தை. அதில் ஒன்று, தாமஸ் ஸ்லேட் வரைந்த பெல்லோனா வகுப்பு. இந்த வகுப்பின் 'சூப்பர்ப்' 1760-ல் தண்ணீரில் இறங்கியது. பீரங்கித் தளம் 168 அடி நீளம், கப்பலின் அகலம் சுமார் 47 அடி. கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள் 28, அதற்கு மேல் 18 பவுண்டு பீரங்கிகள் 28, உச்சியில் 9 பவுண்டு பீரங்கிகள் 18. கூட்டினால் 74.

கனமானது கீழே, இலேசானது மேலே. அப்படி இருந்தால்தான் கப்பல் காற்றில் கவிழாது. இவ்வளவு பீரங்கியையும் உயரமான பாய்மரங்களையும் தாங்க உடம்பு ஆழமாக இறங்கணும். முழுச் சுமையில் இருபது அடிக்கு மேல் தண்ணீர் வேணும். நம்மூர் மீனவர் கணக்கில் மூன்று பாகத்துக்கும் மேல். பாம்பனில் அது கிடையாது. இன்றைக்கும் பாலத்தைத் தூக்கினால் விசைப்படகும் சிறு கப்பலும்தான் போகும்.

இந்த ஆழப் பிரச்சினை ஒரு போரையே பாதித்தது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம் தொடங்கி 1783 ஜூனில் கடலூர் வரை, பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஐந்து முறை மோதினார்கள். ஹியூஸின் கொடிக்கப்பல் இதே சூப்பர்ப்தான். சோழமண்டலக் கரையிலோ இந்த அளவு கப்பலுக்கு ஒதுங்கத் துறைமுகம் இல்லை. ஐப்பசி வந்தால் வாடைக்காற்றில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. ஆழமும் ஒதுக்கமும் சேர்ந்து கிடைத்த இடம் திருகோணமலை. அதை 1782 ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் பிடித்தார்கள். ஆகஸ்டு கடைசியில் சுஃப்ரான் பறித்தார். அந்த மழைக்காலத்தில் ஹியூஸ் இலங்கையைச் சுற்றி பம்பாய்க்கு ஓட வேண்டியதாச்சு.

ஐந்து சண்டையிலும் மூழ்காத சூப்பர்ப், 1783 நவம்பரில் தலைச்சேரி அருகே உடைந்துபோனது. எதிரியின் குண்டால் இல்லை, கடலால்.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிய கதை. அட்லாண்டிக்குக்கு எழுதின டிசைன் அங்கே பிரமாதமா ஓடும். ஆனால் நம்ம கடலில், தோணி சுலபமாகத் தாண்டும் இடத்தில் 74 பீரங்கிக்கு வழியில்லை.