பாட்டிக்கு மெய்யாகவே பதினாலா?

ஆவடியிலே உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கொள்ளுப்பாட்டியின் பழைய கல்யாண சர்ட்டிபிகேட் இருக்கிறதா, சகோதரிகளே? அதில் "வயது 14" என்றிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்!

1930 ஏப்ரல் 1-ல் சாரதா சட்டம் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, பிள்ளைக்கு 18 நிறையாமல் மணம் முடித்தால் தண்டனை. 1949-ல் பெண்ணின் வயது 15 ஆயிற்று. பெரியவர்கள் சொன்ன வயதுதான் பெரும்பாலும் ஏட்டில் ஏறும். பன்னிரண்டு, பேனா முனையில் பதினாலாகி இருக்கலாம்!

கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். இல்லையேல் ஜாதகத்தையும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் ஒத்துப் பாருங்கள். ஜாதகத்திலுள்ள வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். கணக்குப் போடுவது சுலபம்.

இரண்டு வயதுதானே என்கிறீர்களா? அது ஒரு சிறுமி பாண்டி ஆடியிருக்க வேண்டிய காலமல்லவா!