ஆஃப் செய்த பிறகும் ஓடும் சிப்

போர்டின் பவரைப் பிடுங்கியாச்சு. ஆனாலும் அதில் இருக்கும் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். கெபாசிட்டரில் மிச்சம் இருக்கும் சார்ஜ் என்று பலர் விட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம் கழித்தும் எரிந்தால் அது கெபாசிட்டர் இல்லை. ஏதோ ஒரு இன்புட் பின் வழியாக வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வருகிறது.

நான் பார்த்த ஒரு தண்ணீர் மோட்டார் கன்ட்ரோலரில் இது பெரிய தலைவலியாக இருந்தது. மொட்டை மாடியில் தொட்டி மட்டத்தை அளக்கும் போர்டு, அதற்குத் தனி அடாப்டர். கீழே மோட்டாரை ஓட்டும் போர்டு, அதில் ஏடிமெகா328பி. நடுவே ஒரு சீரியல் ஒயர். கீழ் போர்டு எப்போதாவது ஹேங் ஆகும், மோட்டார் ஓடாது. ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் தெளியாது. மேலே அடாப்டரைக் கழற்றினால்தான் சரியாகும்.

காரணம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பின்னிலும் இரண்டு காப்பு டயோடுகள் உண்டு. ஒன்று கிரவுண்டிலிருந்து பின்னுக்கு, மற்றது பின்னிலிருந்து விசிசிக்கு. (ரீசெட் பின் மட்டும் விதிவிலக்கு. 12 வோல்ட் கொடுத்து புரோகிராம் செய்ய வேண்டியிருப்பதால் அதில் மேல் டயோடு கிடையாது.) விசிசி 5 வோல்ட்டாக இருக்கும்வரை மேல் டயோடு சும்மா இருக்கும். விசிசி பூஜ்யமானால், பின்னில் வரும் 5 வோல்ட் அந்த டயோடு வழியாக நேரே சப்ளைக்குள் பாயும். டயோடில் 0.6 வோல்ட் போனாலும் மீதி சிப் ஓடப் போதும். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது ‘ஹை’யில்தான் இருக்கும் என்பதால் இந்தத் தீனி நிற்பதே இல்லை. சப்ளை கீழே இறங்கினால்தானே பவர்-ஆன் ரீசெட் வேலை செய்யும்!

டேட்டாஷீட்டும் இதைச் சொல்கிறது. பின்னில் வரக்கூடிய உச்சம் ‘விசிசி + 0.5 வோல்ட்’. பவர் இல்லாதபோது அதன் அர்த்தம் வெறும் 0.5 வோல்ட். எஸ்டிஎம்32எஃப்103-இன் ‘5 வோல்ட் தாங்கும்’ பின்களுக்கும் உச்சம் விடிடி + 4 வோல்ட்தான். ஆஃபில் இருக்கும்போது 5 வோல்ட் கொடுத்தால் எல்லை தாண்டிவிடும். பலர் கவனிக்காத வரி இது.

சரி, என்ன பண்ணலாம்? முதலில் பின்னோடு தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 4.4 வோல்ட்டை 10 கிலோ ஓமால் வகுத்தால் 0.44 மில்லி ஆம்பியர். அட்மெலின் ஏவிஆர்182 குறிப்பு இந்த டயோடுகளுக்கு 1 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டாம் என்கிறது, ஆகவே டயோடு பிழைக்கும். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இந்தக் காலத்து சிப் மெதுவான கிளாக்கில் அந்த 0.44-இலேயே ஓடிவிடும்! எனவே விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் போடுங்கள். அப்போது சப்ளை 0.4 வோல்ட்டைத் தாண்டாது. விலை, ஆனில் இருக்கும்போது 5 மில்லி ஆம்பியர் வீண். பேட்டரி கருவிக்கு இது ஒத்துவராது. இப்படி நான்கைந்து லைன்கள் இருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

வெளியே ஷாட்கி டயோடு போட்டு விசிசிக்குத் திருப்புவது பழைய பழக்கம். இங்கே அது உதவாது, அதே சப்ளைக்குத்தான் இன்னும் நல்ல வழி போட்டுக் கொடுக்கும்.

வேகமான சிக்னலுக்கு 10 கிலோ ஓம் தடை. அங்கே 74எல்விசி1ஜி17 மாதிரி ஒரு பஃபரைத்தான் நான் சொல்வேன். அதன் இன்புட்டிலிருந்து விசிசிக்கு டயோடு கிடையாது, பவர் இல்லாமலே 5 வோல்ட்டைத் தாங்கும். ஒயர் மாடி, தோட்டம் என்று நீளமாகப் போனாலோ, மறுமுனையில் 12 அல்லது 24 வோல்ட் இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், பிசி817 ஆப்டோகப்ளர் போட்டுவிடுங்கள்.

உங்கள் போர்டில் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். பவரை ஆஃப் செய்து, ஒரு நிமிடம் விட்டு, விசிசியை அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வெளி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது முள் விழுகிறதோ அந்த ஒயர்தான்.