எண்ணெய்த் தொட்டியில் வளரும் பூஞ்சை

ஜெட் விமானம் தன் எரிபொருளின் பெரும்பகுதியை எங்கே சுமந்து செல்கின்றது? இறக்கைகளுக்குள்ளேதான். பெரும்பாலான விமானங்களில் அங்கே தனித் தொட்டி கிடையாது. இறக்கையின் உட்கூடே தொட்டியாகின்றது. ஆகவே, தொட்டி அரிக்கப்பட்டால் அரிக்கப்படுவது இறக்கையே ஆகும்.

அரிப்பவை நுண்ணுயிர்கள். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்ததாயிற்றே, அதில் உயிர் வாழுமா என வியப்போர் உண்டு. எண்ணெயில் மட்டும் அவை பெருகுவதில்லை. சிறிது நீர் வேண்டும். பகலில் சூடேறிய தொட்டி இரவில் குளிரும்போது, உள்ளிருக்கும் ஈரக்காற்று நீர்த்துளிகளாக மாறி அடியில் தங்குகின்றது. அந்நீரில் குடியிருந்துகொண்டு, மேலுள்ள எண்ணெயை உண்டு வளர்வதில் ‘அமோர்ஃபோதீக்கா ரெசினே’ என்னும் பூஞ்சை பெயர்பெற்றது. வழவழப்பான படலமாகப் படர்ந்து அது வடிகட்டிகளை அடைக்கும். எரிபொருள் அளவுகாட்டியைப் பிறழச் செய்யும். அதனால் உண்டாகும் அமிலம் அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும். நம் நாட்டைப் போன்று வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் இத்தொல்லை அதிகம்.

இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு. ஆனால் அளவு மிகுந்தால் அதுவே கேடாகும். 2020 பிப்ரவரி 26ஆம் நாள், லண்டன் கேட்விக் நிலையத்திலிருந்து புறப்பட்ட ஏர்பஸ் ஏ321 விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் தடுமாறின. விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. பராமரிப்பின்போது சேர்க்கப்பட்ட மருந்து, உரிய அளவைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு என்பது விசாரணையில் தெரியவந்தது. மருந்தைவிட, தொட்டியின் அடியிலுள்ள நீரைத் தவறாமல் வடித்துவிடுவதே முதற்காப்பு என்பது நமது கருத்து.

பெம்பான் வட்டாரத் தோட்டத்து அன்பர்களுக்கு இதில் என்ன அக்கறை? டிராக்டருக்கும் மின்னாக்கிக்கும் நாம் சேமிக்கும் டீசலிலும் இதே கதைதான். 2011இல் மலாக்காவில் 5 விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருள் கலந்த டீசல் அறிமுகமாயிற்று. 2019இல் வாகன டீசலில் அக்கலவை 10 விழுக்காடாக உயர்ந்தது. நம் செம்பனைக்கு இது பெருமையே. எனினும் செம்பனை எரிபொருள் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்க்கும். நுண்ணுயிர்களுக்கும் எளிதில் இரையாகும்.

எனவே, மாலையில் வேலை முடிந்ததும் வாகனத் தொட்டியை நிரப்பி வைப்பது நலம்; ஈரக்காற்றுக்கு இடம் குறையும். சேமிப்புத் தொட்டியின் அடிக்குழாயைக் காலையில், எண்ணெய் அசையுமுன், திறந்து சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கவேண்டும். கலங்கலோ, அடியில் நீரோ, இடையில் பாசி போன்ற படலமோ தென்பட்டால், தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்துவிட்டுப் பட்டறையில் தெரிவிக்கவேண்டும். வடித்ததைக் கால்வாயில் ஊற்றலாகாது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, கழிவெண்ணெயோடு ஒப்படைக்கவேண்டும்.