சுற்றுலாப் பயணிக்கு ஏன் கெட்ட பெயர்? – குமுளி முதல் பாரிஸ் வரை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



டூர் என்று பேச்சு எடுத்தாலே நம்ம வகுப்பில் முதலில் வருவது தேக்கடி, அடுத்தது மூணாறு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேனியில் பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். அங்கிருந்து மலை ஏறினால் குமுளி. எல்லைக் கோட்டைத் தாண்டினால் கேரளம். போடி வழியாகப் போனால் போடிமெட்டு ஏறி மூணாறு. காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்.

அந்த ஊர் நமக்கு எப்படி இருந்தது என்று நாம் மணிக்கணக்கில் பேசுவோம். அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் எப்படி இருந்தோம் என்று யாராவது யோசித்தது உண்டா? சுற்றுலாப் பயணிக்குக் கெட்ட பெயர் எப்படி வருகிறது, அது யாரால் வருகிறது, வந்தால் என்ன நஷ்டம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. முதலில் உலகப் புகழ் பெற்ற ஓர் உதாரணத்தைப் பார்த்துவிட்டு, பிறகு நம்ம ஊருக்கு வருவோம்.

ஐரோப்பாவில் அமெரிக்கர்

ஐரோப்பாவுக்குப் போகும் அமெரிக்கப் பயணியைப் பற்றி அங்கே நூறு வருஷத்துக்கு மேலாகக் கேலி உண்டு. சத்தமாகப் பேசுவார்; எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று நினைப்பார்; தன் ஊர்ச் சாப்பாட்டையே தேடுவார்; எதற்கும் விலை கேட்பார்; அரக்கப்பரக்க நாடு நாடாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்பார்கள். 1867-ல் 'குவேக்கர் சிட்டி' என்ற கப்பலில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கக் கூட்டத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைனும் ஒருவர். அவர் 1869-ல் வெளியிட்ட பயண நூலில் தன்னோடு வந்தவர்களையே நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறார். ஆக, இது அந்தக் காலத்துப் பேச்சு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது அதிகமாயிற்று. ஐரோப்பா போரில் இடிந்து கிடந்தது. அமெரிக்க டாலருக்கோ ஏகப்பட்ட மதிப்பு. 1948-ல் மார்ஷல் திட்டத்தின் மூலம் அமெரிக்காவே ஐரோப்பாவுக்குப் பண உதவி செய்தது. 1958-ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு ஜெட் விமானம் பறக்க ஆரம்பித்தது. அதுவரை பணக்காரர் மட்டும் போன இடத்துக்கு நடுத்தரக் குடும்பங்களும் கூட்டமாகப் போயின. உதவி வாங்கிய இடத்தில் உதவி கொடுத்தவன் வந்து உல்லாசமாகச் சுற்றினால், வாங்கியவனுக்கு மனசு எப்படி இருக்கும்? நன்றியும் இருக்கும், எரிச்சலும் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் ஓட்டல் சர்வருக்கு டிப்ஸ்தான் பெரிய வருமானம். அங்கே தாராளமாகக் கொடுப்பது மரியாதை. ஐரோப்பாவில் பல நாடுகளில் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்துவிடும். அங்கே போய் அள்ளிக் கொடுத்தால், 'பணத் திமிர்' என்று படுகிறது. இவர் மரியாதை என்று செய்தது அவருக்கு அவமரியாதையாகத் தெரிகிறது. பாதி கெட்ட பெயர் இந்த மாதிரிப் பழக்க வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

மீதிப் பாதி அரசியல். 2003-ல் ஈராக் போர் நடந்தபோது, போரை எதிர்த்த நாடுகளில் வெறும் பயணியாகப் போன அமெரிக்கர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வம்பு வேண்டாம் என்று கனடா நாட்டுக் கொடியைப் பையில் தைத்துக்கொண்டு போகும் அமெரிக்கர்களும் உண்டு என்பார்கள். சொந்த ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்றால், அதைவிடச் சங்கடம் என்ன இருக்கிறது!

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் எழுதிய தலைவிதி இல்லை. அவர்களுக்கு முன்னால் தாமஸ் குக் கம்பெனி கூட்டிப்போன ஆங்கிலேயரை இப்படித்தான் திட்டினார்கள். பின்னால் ஜப்பானியர், அதற்கும் பின்னால் சீனர். 2013-ல் எகிப்தின் லக்சர் கோயிலில் ஒரு சீனச் சிறுவன் பெயரைக் கிறுக்கியது பெரிய சர்ச்சையானது. வெளிநாட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சீன அரசே தன் மக்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. எந்தக் காலத்தில் எந்த ஊர்க்காரன் கூட்டமாகக் கிளம்புகிறானோ, அந்தப் பெயர் அவன் தலையில் விழுகிறது.

ஓர் எஞ்சினியர் கதை

'அழகற்ற அமெரிக்கன்' என்று இங்கிலீஷில் ஒரு வசவு உண்டு. வெளிநாட்டில் அநாகரிகமாக நடக்கும் அமெரிக்கனை அப்படிச் சொல்வார்கள். லெடரர், பர்டிக் என்ற இருவர் சேர்ந்து 1958-ல் எழுதிய நாவலின் தலைப்பு அது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாவலில் 'அழகற்றவன்' என்று வருகிறவன்தான் நல்லவன்! ஹோமர் அட்கின்ஸ் என்ற எஞ்சினியர். ஆள் பார்க்க லட்சணமில்லை, கையெல்லாம் கிரீஸ். ஒரு கற்பனை ஆசிய நாட்டில், மலைச்சரிவு வயலுக்குத் தண்ணீர் ஏற்ற சைக்கிள் மிதித்து ஓடும் பம்ப் ஒன்றை அமைக்கிறார். அதையும் தனியாகச் செய்யவில்லை. அந்த ஊர் மெக்கானிக்கைக் கூட்டாளியாக்கி, அவர் யோசனையையும் கேட்டுச் செய்கிறார். அந்த ஊரைக் கெடுத்தவர்கள் கோட்டு சூட்டு போட்டு பங்களாவில் விருந்து சாப்பிட்டவர்கள். ஆனால் நாவலைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டதால், நல்லவன் பெயர் வசவாகிவிட்டது. டிப்ளமோ படிக்கிற நாம் இந்த ஹோமர் அட்கின்சை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம்ம கதை

குமுளிக்காரர் நம்மைத் தினமும் இரண்டு விதமாகப் பார்க்கிறார். விடியற்காலையில் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிப்போகும் தமிழர். பத்து மணிக்கு மேல், பாட்டு அலற வந்து இறங்கும் டூரிஸ்ட் பஸ் தமிழர். முதல் ஆள் இல்லாவிட்டால் தோட்டம் ஓடாது; இரண்டாம் ஆள் இல்லாவிட்டால் கடை ஓடாது. ஆனால் ஊர்ப் பேச்சில் மிஞ்சுவது ஒரே சொல் – 'பாண்டி'.

அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். போன வருஷம் நாங்கள் போனபோது, ஒரு கடையில் 'பாண்டிகள் வந்தாச்சு' என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை நானே கேட்டேன். நம்ம பசங்க சண்டைக்கே போய்விட்டார்கள். யோசித்துப் பார்த்தால், பாண்டி என்பது பாண்டிய நாடு. வெறும் ஊர்ப் பெயர். கேரளக் கோயில்களில் பாண்டிமேளம் என்றே பெருமையான ஒரு மேளம் உண்டு. சொல்லில் விஷம் இல்லை, சொல்லும் தொனியில்தான் இருக்கிறது. நாம் 'சேட்டா' என்று இழுத்துச் சொல்லிச் சிரிப்பது மட்டும் என்னவாம்?

அவர்கள் சொல்லும் குறை என்ன? வண்டியில் அடுப்பும் அரிசியும் கொண்டுவந்து ரோட்டோரம் சமைக்கிறார்கள்; எச்சில் இலையையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டுப் போகிறார்கள்; காட்டுக்குள் கத்துகிறார்கள்; ஒன்றும் வாங்காமல் பேரம் மட்டும் பேசுகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காரணமும் உண்டு. ஐம்பது பேர் பணம் போட்டு, சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போனால்தான் நம்ம ஊர்க் கூலிக்காரக் குடும்பம் ஒரு தடவையாவது ஊர் பார்க்க முடியும். ஓட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. அடுப்பு வைப்பது ஏழ்மை, தப்பில்லை. குப்பையை விட்டுவிட்டு வருவது ஏழ்மை இல்லை, தப்பு.

இங்கேதான் விஷயம் பிடிபடுகிறது. அமெரிக்கனுக்கு அதிகம் செலவழித்ததால் கெட்ட பெயர். நமக்குச் செலவழிக்காததால் கெட்ட பெயர். அப்படியானால் பிரச்சினை பணத்தில் இல்லை. போகிற இடத்தை 'பார்க்கிற இடம்' என்று மட்டும் நினைத்து, 'இன்னொருவன் குடியிருக்கும் ஊர்' என்பதை மறப்பதில் இருக்கிறது.

தேக்கடி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு விடும் அந்த ஏரி, பென்னிகுயிக் கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். டூரிஸ்ட்டுக்கு அது யானை பார்க்கும் இடம். கம்பம் பள்ளத்தாக்குக்கு அது நெல், குடிதண்ணீர், உயிர். கீழ்ப்புறம் குடியிருக்கும் கேரள மக்களுக்கு அது அணையைப் பற்றிய பயம். தண்ணீர் ஒன்றுதான், பார்க்கிற கண் மூன்று.

கெட்ட பெயரின் விலை

கெட்ட பெயர் வெறும் பேச்சோடு போவதில்லை. 2009 செப்டம்பர் 30-ம் தேதி அதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் பலர். மிருகத்தைப் பார்க்கப் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடியதால்தான் கவிழ்ந்தது என்று உடனே பேச்சு பரவியது. ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் மெட்டாசென்டர் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆட்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சாயத்தான் செய்யும், ஆனால் ஒழுங்காகக் கட்டிய படகு சாய்ந்து நிற்க வேண்டும், கவிழக் கூடாது. மேல்தட்டில் ஆள் ஏற ஏற சென்டர் ஆஃப் கிராவிட்டி உயரும், நிலைத்தன்மை குறையும். மிருகம் தெரிந்தால் ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்பது வடிவமைக்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டிய சுமை. அந்தப் படகின் நிலைத்தன்மையிலேயே குறை இருந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. 'டூரிஸ்ட் என்றால் அப்படித்தான்' என்ற நினைப்பு இருந்தால், எஞ்சினியரிங் தப்புகூடச் செத்தவன் தலையில் ஏறிவிடும்!

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தபோது இன்னும் மோசம். குமுளிப் பாதை நின்றது. ஐயப்ப பக்தர்கள் தவித்தார்கள். இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து இறங்கி வந்தார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையின் உயரத்தைத் தீர்மானிப்பவர் யாரும் அந்தப் பஸ்ஸிலோ கடையிலோ இல்லை. அடி வாங்கியது வண்டியின் நம்பர் பிளேட்டுக்காக.

அவர்கள் வரும்போது

நாமும் இன்னொருவருக்கு ஊர்க்காரர்தான். ஓணம், கிறிஸ்துமஸ் லீவில் கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்கக் கேரளக் குடும்பங்கள் கார் காராக வருகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் மாமா தோட்டத்தில் லீவு நாளில் நான் நின்றிருக்கிறேன். கேட்காமல் குலையைப் பறிப்பவரும் உண்டு, "சேச்சி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அத்தையிடம் பேசி, காசு கொடுத்து இரண்டு கிலோ வாங்கிப்போகிறவரும் உண்டு. சாயங்காலம் வீட்டில் பேச்சு வருவது முதல் ஆளைப் பற்றி மட்டும்தான்!

2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் தமிழ்நாட்டிலும் பிரமாதமாக ஓடியது. 2006-ல் கொடைக்கானல் குணா குகைக் குழியில் விழுந்த நண்பனை, கூட வந்தவனே இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். அப்போது எழுத்தாளர் ஜெயமோகன், குடித்துவிட்டு வந்து நம் மலைகளில் கூத்தடிக்கும் கேரளப் பயணிகளைக் கடுமையாகச் சாடி எழுதினார். கேரளத்தில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கும் என்பது நிஜம். தன் உயிரைப் பணயம் வைத்து நண்பனைத் தூக்கி வந்தானே, அதுவும் நிஜம். ஒரே கூட்டத்தில் இரண்டும் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, மனுஷனுக்குச் சரிப்படாது. குவாலிட்டி கண்ட்ரோலில் சத்தம் போடும் சாம்பிளை மட்டும் எடுத்து லாட்டையே தள்ளினால் மார்க் கிடைக்குமா?

நாம் செய்யக்கூடியவை

அடுத்த டூருக்குக் கிளம்பும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்:

1. கொண்டுபோன குப்பை நம்மோடே திரும்பட்டும். ஒரு சாக்குப் பை போதும்.

2. ஊருக்குள் நுழைந்ததும் ஸ்பீக்கரை நிறுத்துங்கள். காட்டில் சத்தம் போட்டால் யானையும் வராது, மரியாதையும் வராது.

3. மலையாளத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். 'நன்னி' என்று சொன்னால் கடைக்காரர் முகமே மாறும்.

4. ஒரு டீயாவது அந்த ஊர்க் கடையில் குடியுங்கள்.

5. படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், எழுந்து ஓடாதீர்கள்.

6. நம் ஊருக்கு வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பேசாதீர்கள்; இறங்கி வருகிற ஆளைப் பார்த்துப் பேசுங்கள்.

டிப்ளமோ முடித்து நாளைக்கு கொச்சிக்கோ, பெங்களூருக்கோ, துபாய்க்கோ வேலைக்குப் போகப்போகிறோம். நாம் போய்ச் சேருமுன் நம்ம ஊரின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அது எப்படிப்பட்ட பெயர் என்பதை நமக்கு முன்னால் போனவர்கள் எழுதிவிட்டார்கள். நமக்குப் பின்னால் வரப்போகிறவனுக்கு நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். நல்லதாகவே எழுதுவோம்.