பட்டியலைப் படித்துக் காட்டுங்கள்!

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மலைச்சரிவைப் படிப்படியாய் வெட்டிப் பூண்டு போடுகிறான் உழவன். அந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான்! மறு ஆண்டே கொரோனா வந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. சுற்றுலாக் கூட்டம் நின்றது. காய்கறி மூட்டைக்கு லாரி கிடைப்பது அரிதாயிற்று.

அந்த நேரத்தில் டில்லி என்ன சொன்னது? 8.7 கோடி உழவர்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் என்று மார்ச் 26-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். புதுப் பணமா? இல்லை, தோழர்களே! 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில், ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று ஏற்கெனவே சொன்னதில் ஒரு தவணை. வரவேண்டிய சம்பளத்தை நாலு நாள் முன்னால் கொடுத்துவிட்டு போனஸ் என்று சொல்லும் முதலாளியைப் பார்த்ததில்லையா நாம்? போகட்டும்.

யாருக்கு அந்தப் பணம்? தன் பெயரில் நிலம் உள்ளவனுக்கு. குத்தகை நிலத்தில் காரட் போடுகிறவனுக்கு இல்லை. அங்கே களை பறிக்கும் கூலிப் பெண்ணுக்கு இல்லை. வன உரிமைப் பட்டா கைக்கு வராத பளியருக்கும் இல்லை.

சரி, வேறு யார் வாங்கினார்கள்? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எனப் பதின்மூன்று மாவட்டங்களில், தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பெயர்கள் பட்டியலில் ஏறின. போன தொகை 110 கோடி ரூபாய்! 2020 செப்டம்பரில் வேளாண் இலாகாவே ஒப்புக்கொண்டது. அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர் கைக்குப் போயிருந்தது. "கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரைக் கொடு" என்று ஏழைகளிடம் கேட்டு வாங்கினார்கள். தரகன் தன் பங்கை எடுத்துக்கொண்டான். பிறகு சர்க்கார் பணத்தைத் திருப்பிப் பிடித்தது யாருடைய வங்கிக் கணக்கில்? அந்த ஏழையின் கணக்கில்தான்! 18 பேர் கைது, 80 பேர் வேலைநீக்கம் என்று செய்தி வந்தது.

ஊரில் யாருக்கு எத்தனை சென்ட் நிலம் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். அவர் காதில் அந்தப் பெயர்கள் விழுந்திருந்தால் இத்தனை லட்சம் ஏறியிருக்குமா? "பட்டியல்தான் இணையத்தில் இருக்கிறதே" என்பார்கள். மேல்மலையில் சிக்னல் தேடிப் பாறை ஏறுகிறவனிடம் சொல்லட்டும் அதை!

சட்டத்துக்குப் பஞ்சமா? இந்தியாவில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. மானியம் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005-இன் மத்தியச் சட்டம், நான்காம் பிரிவில். பயனாளிகள் பட்டியலைக் கிராமத்திலேயே வெளியிட வேண்டும் என்று இத்திட்டத்தின் விதிமுறையும் சொல்கிறது. நடந்தது என்ன? நாடு முழுதும் தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போன கதை 2021 ஜனவரியில் தெரிந்ததே, அதுகூடத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்ட பிறகுதான்! அவர்களில் பாதிக்குமேல் வருமான வரி கட்டுகிறவர்கள்.

கிராமசபையிலாவது கேட்கலாம் என்றால், 2020 அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தையும் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். மதுக்கடைக்கு மட்டும் மே மாதமே வழி பிறந்திருந்தது!

இன்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூட வேண்டும். மலைக் கிராமத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து, பெயர், தொகை, தவணை மூன்றையும் உரக்கப் படிக்கக் கேளுங்கள். பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.