யார்க்கர் போடுகிற கை

எங்கள் ஜலகண்டாபுரம் பக்கம் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்துதான். ஆறு ஓவரோ எட்டு ஓவரோ, அதோடு சரி. வாரம் முழுக்கத் தறி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டியில் மூன்று பேராக ஏறி ஊர் ஊராகப் போய்ப் பந்து போடுவேன். நுழைவுக் கட்டணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டுவோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அந்தக் காசு போச்சு. மைதானம் பெரும்பாலும் தண்ணீர் வற்றிய ஏரிதான். கருவேலங்காட்டுக்குள் போன பந்தைத் தேடுவதிலேயே பாதி நேரம் ஓடிவிடும்.

ஆறு ஓவர் ஆட்டத்தில் எவனும் நின்று ஆடமாட்டான்; முதல் பந்திலேயே சுற்றுவான். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. தோல் பந்தோ 156 முதல் 163 கிராம். நம்ம பந்துக்குத் தையலும் கிடையாது. ஸ்விங்கை நம்பினால் கதை முடிந்தது. கொஞ்சம் குட்டையாகக் குத்தினாலும் எம்பி, 'வா, அடி' என்று நிற்கும். மிச்சமிருப்பது யார்க்கர்தான். எங்கள் டீமில் மூத்த அண்ணன் ஒருவர் ஸ்டம்புக்கு முன்னால் பழைய செருப்பைப் போட்டு, "அதை நகர்த்துடா, அப்புறம் வீட்டுக்குப் போ" என்பார். மெதுவான பந்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்: உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் அதே வேகத்தில் சுற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் 20 வயது வரை இந்த டென்னிஸ் பந்தைத்தான் போட்டார். வீடும் கூலி வேலை வீடுதான். ஜெயப்பிரகாஷ் என்பவர் கைதூக்கிவிட, சென்னையில் நான்காம் டிவிஷன் லீக்குக்குப் போனார். 2015-இல் ரஞ்சி ஆடியதும் பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது, திருத்திக்கொண்டு வந்தார். 2017-இல் ஐ.பி.எல். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

"நீயும் போயிருக்கலாமே" என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்பது சுலபம். தறிக்கூலி வராத மாதத்தில் சென்னையில் யார் சோறு போடுவது? கிராமத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. கைதூக்கிவிட ஆள்தான் இல்லை.

2024-இல் எங்களைப் போன்ற ஊர்க் கிரிக்கெட்டைக் காட்டிய 'லப்பர் பந்து' படம் வந்தபோது எங்கள் டீமே ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தது.

பொங்கலுக்குப் போட்டி நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். கோப்பையும் சில்வர் குடமும் எப்போதும் சிக்ஸ் அடித்தவனுக்கே போகின்றன. கடைசி ஓவரைக் கட்டிப்போட்டவனுக்கும் ஒரு பரிசை ஒதுக்கி வையுங்கள்.